இரக்கத்தின் மலை

அடகுக்கடையின் வாசலில் ஒருநாளேனும் நின்றிராத குடும்பம் நம்மிடையே அரிது. பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திலும், விதைப்புக்கு முந்திய நாள்களிலும், மருத்துவச் செலவு சொல்லாமல் வந்து நிற்கும் வேளையிலும், நம் தாய்மாரின் காதிலும் கழுத்திலும் கிடப்பவை கழன்று, முந்தானையில் முடியப்பட்டு, கடையின் கம்பித் தடுப்புக்கு அப்பால் போய்ச் சேருகின்றன. உரைகல்லில் உரைத்து, தராசில் நிறுத்து, சீட்டு எழுதிக் கொடுக்கும் அந்த இடத்திற்கும் ஆலயத்தின் பீடத்திற்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்டால் நாம் வியப்போம்.

தொடர்பு உண்டு. ஏறத்தாழ 560 ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலி நாட்டு நகரங்களில், ஏழைகளுக்கான அடகு நிலையங்கள் மறையுரை மேடையிலிருந்தே பிறந்தன. அவற்றைப் பிறப்பித்தவர்கள் காசைக் கையாலும் தொடலாகாது என்று கற்பிக்கப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகள். அந்நிலையத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'மோந்தே தி பியெத்தா'. 'மோந்தே' என்றால் மலை. அந்நாளைய வழக்கில் பொது நிதியாகத் திரட்டி வைக்கப்பட்ட பணக்குவியலையும் அச்சொல் குறித்தது. 'பியெத்தா' என்றால் இரக்கம். ஆகவே, இரக்கத்தின் மலை. பாடுபட்டு இறந்த ஆண்டவரின் திருவுருவமே பல இடங்களில் அதன் சின்னமாயிற்று.

இந்த மலை எப்படி எழுந்தது, எதனால் ஏற்கப்பட்டது, எங்கே கறைபட்டது, அதன் வழித்தோன்றல்கள் நம் மண்ணுக்கு எவ்வாறு வந்தன என்பதை இங்கே சற்று நினைத்துப் பார்ப்போம். ஏனெனில், அது எழுப்பிய கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது: ஏழைக்குக் கடன் கொடுப்பது இரக்கச் செயல் என்றால், அந்த இரக்கத்தின் செலவை யார் தாங்குவது?

வட்டிக்கு அஞ்சிய உலகம்

திருவிவிலியம் கடனைப்பற்றி மிக நுட்பமாகப் பேசுகிறது. விடுதலைப் பயண நூலும் இணைச் சட்ட நூலும் தரும் கட்டளைகளை நாம் அறிவோம். ஏழையிடம் வட்டி வாங்கலாகாது; அவனது போர்வையை அடகாக எடுத்தால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; மாவரைக்கும் கல்லை அடகாகப் பெறுவது உயிரையே அடகாகப் பெறுவதாகும். இவற்றுள் ஒன்று நம் உள்ளத்தை எப்போதும் தொடுவது. அடகுப் பொருளைப் பெறச் செல்பவன் ஏழையின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். ஏழைதான் உள்ளே சென்று பொருளைக் கொண்டுவந்து தர வேண்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதைக் கடன் கொடுத்தவன் மிதிக்கக் கூடாது.

திருச்சபை இக்கட்டளைகளைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. 1179-ஆம் ஆண்டு கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் நடத்தும் கிறிஸ்தவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்று விதித்தது. கொடுத்த தொகைக்குமேல் எது வாங்கினாலும் அது வட்டி, வட்டி எதுவாயினும் பாவம் என்பதே அறநெறி வல்லுநர்களின் பொதுவான முடிவாயிருந்தது.

ஆனால் தடைச்சட்டம் தேவையைத் தடுப்பதில்லை. விளைச்சல் பொய்த்த உழவனுக்கும் கூலி கிடைக்காத நெசவாளிக்கும் அடுத்த வாரத்து ரொட்டிக்குப் பணம் தேவைப்பட்டது. பெரு வணிகர்களுக்கோ மாற்றுச்சீட்டு, கூட்டு வாணிபம் என்று ஆயிரம் வழிகள் இருந்தன. ஏழைக்கு இருந்தது ஒரே வழி, அடகு பிடிப்பவர். தொஸ்கானிய, லொம்பார்திய நாட்டுக் கிறிஸ்தவர்கள் பலர் சட்டத்தை ஏய்த்து அத்தொழிலைச் செய்தனர். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகராட்சிகள் யூதர்களை ஒப்பந்தம் செய்து வரவழைத்து அடகுக்கடை வைக்க உரிமம் அளித்தன. நிலமும் பெரும்பாலான கைத்தொழில்களும் தங்களுக்கு அடைக்கப்பட்டிருந்தமையால் யூதர்களும் இதனை ஏற்றனர். உரிமத்திற்காக நகராட்சிக்கு அவர்கள் செலுத்திய கட்டணமும் வரியும் சிறியவை அல்ல. அச்சுமையும் கடன்பட்டவன் தலையில்தான் இறங்கியது. ஆண்டுக்கு 20 முதல் 40 விழுக்காடு வரை வட்டி என்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது.

கரைந்துபோன ஒரு நிதி

இதற்கு மாற்று காண முயன்றவர்கள் முன்னரும் இருந்தனர். லண்டன் ஆயர் மைக்கேல் நார்த்பர்க் 1361-இல் இறந்தபோது, வட்டியில்லாமல் அடகுக்கடன் வழங்க 1000 மார்க் வெள்ளியை விட்டுச் சென்றார். பணப்பெட்டி புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஓராண்டுக்குள் பொருளை மீட்காதவர்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது: இன்னும் 14 நாள்களில் மீட்காவிடில் பொருள் விற்கப்படும் என்று மறையுரையாளர் மக்களுக்கு அறிவிப்பார். எவ்வளவு கனிவான ஏற்பாடு! ஆனால் நிலையத்தின் செலவுகள் முதலிலிருந்தே எடுக்கப்பட்டன. ஊற்று இல்லாத குளம் எத்தனை நாளைக்கு? காலப்போக்கில் முதல் முழுவதும் கரைந்தது, பெட்டி மூடப்பட்டது. ஆயரின் இரக்கம் உண்மையானது. அதற்கு ஆயுள்தான் இல்லை.

நூறாண்டுகள் கழித்து, 1462-ஆம் ஆண்டு, நடு இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவி மிக்கேலே கர்க்கானோ மறையுரையாற்றினார். கொடிய வட்டியைக் கண்டித்ததோடு அவர் நிற்கவில்லை. நகரமே சேர்ந்து ஏழைகளுக்கென ஒரு நிதியைக் குவிக்க வேண்டும் என்றார். அவருடைய சபைத் தோழரான தெர்னி நகர்ப் பர்னபாவும் இம்முயற்சியில் உழைத்தார். அவ்வாண்டிலேயே நகராட்சி அந்நிலையத்தை நிறுவியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒர்வியேத்தோ, குப்பியோ என்று நகரத்துக்கு நகரம் அது பரவியது. ஒரு துறவி வருவார், தவக்காலம் முழுவதும் மறையுரையாற்றுவார், ஊர்வலம் நடக்கும், செல்வர் பொன்னும், எளியோர் செம்புக்காசும் காணிக்கையாகப் போடுவர். துறவி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நகரத்தார் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்கள் பெட்டியின் சாவியை வைத்திருப்பர்.

நிலையம் இயங்கிய முறையை அறிந்தால் இன்றைய நகைக்கடனின் முகம் அதில் தெரியும். உள்ளூர் ஏழை தன் பொருளைக் கொண்டுவருவான்: ஒரு மோதிரம், செம்புப் பாத்திரம், படுக்கை விரிப்பு, சில வேளைகளில் தன் தொழிற்கருவியே. மதிப்பீட்டாளர் விலை மதிப்பார். அம்மதிப்பைவிடக் குறைந்த தொகையே கடனாகத் தரப்படும். பணம் தன் சொந்தத் தேவைக்குத்தான், சூதாட்டத்திற்கன்று என்று அவன் உறுதிமொழி கூற வேண்டும் எனப் பல நிலையங்கள் விதித்தன. ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருந்தது. குறித்த காலத்தில் மீட்காவிட்டால் பொருள் ஏலத்தில் விற்கப்படும். கடனும் செலவும் போக எஞ்சிய தொகை உரியவனிடமே சேரும். கடன் ஒரு கனிவு, எஞ்சிய பணம் ஒரு நீதி என்று அவர்கள் இரண்டையும் பிரித்தறிந்திருந்தனர்.

சிறிய மனிதரும் பெரிய வாதமும்

இந்த நிலையங்களின் வரலாற்றில் மறக்கவியலாத பெயர் ஃபெல்த்ரே நகர்ப் பெர்னார்தீன். 1439-இல் பிறந்து 1494-இல் இறந்த இத்துறவி உருவில் மிகச் சிறியவர். ஆனால் அவர் குரலைக் கேட்க ஆலயம் கொள்ளாமல் மக்கள் சந்தைத்திடலில் கூடினர். மாந்துவா நகரில் 1484-இலும், பதுவா நகரில் 1491-இலும், பவியா நகரில் 1493-இலும் அவருடைய முயற்சியால் இரக்கத்தின் மலைகள் எழுந்தன.

அவர் உறுதியாகப் பற்றி நின்ற கருத்து ஒன்று உண்டு. கடன் பெறுபவன் முதலுக்கு மேல் ஒரு சிறு தொகை செலுத்தியே ஆக வேண்டும் என்பதே அது. துறவிகள் பலரே இதைக் கேட்டு முகம் சுளித்தனர். அன்பின் பெயரால் வட்டியா? ஆனால் பெர்னார்தீன் கண்ணெதிரே கண்டது வேறு. இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய நிலையங்கள் ஓரிரு ஆண்டுகளில் வற்றிப்போயின. எழுத்தருக்குச் சம்பளம், கட்டடத்திற்கு வாடகை, காவலுக்குக் கூலி, பூச்சியரித்த துணிக்கு இழப்பு, தவறாக மதிப்பிட்ட பொருளுக்கு நட்டம் இவையெல்லாம் இரக்கம் கருதி நிற்பதில்லை.

இங்கே ஓர் எளிய கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஒரு வணிகனுக்கு ஆயிரம் நாணயம் கடன் கொடுத்தாலும், ஒரு விதவைக்கு ஒரே நாணயம் கொடுத்தாலும், பேரேட்டில் எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான். மதிப்பிட்டு, முடிந்து, அடுக்கிக் காப்பதற்கும் ஏறத்தாழ அதே உழைப்புத்தான். ஆகவே, கடன் சிறிதாகச் சிறிதாக அதன்மேல் விழும் செலவின் பங்கு பெரிதாகிறது. ஏழையின் கடன் எப்போதும் விலையேறிய கடனாயிருப்பதற்கு மனிதரின் பேராசை மட்டுமன்று, இந்தக் கணக்கும் காரணம். பெர்னார்தீன் இதை உணர்ந்திருந்தார். இந்நிலையங்கள் பொதுவாக 4 முதல் 12 விழுக்காடு வரை வாங்கின; 5 அல்லது 6 என்பது பெருவழக்கு. வெளியே 30 கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது விடுதலையாகவே தோன்றியிருக்கும்.

எதிர்ப்பு கடுமையாயிற்று. அகுஸ்தீனார் சபைத் துறவி நிக்கோலோ பரியானி, இதனை 'இரக்கமின்மையின் மலை' என்றே பெயரிட்டு நூல் எழுதினார். தொமினிக்கன் சபையின் பேரறிஞரான கயத்தான் 1498-இல் தம் நூலில் இவ்வழக்கத்தை மறுத்தார். பிரான்சிஸ்கன் சபையின் பெர்னார்தீன் தே புஸ்தி 1497-இல் இதற்கு ஆதரவாக எழுதினார். சபைக்குச் சபை பகைமை என்று இதனை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தொமினிக்கரான சவோனரோலாதான் புளோரன்ஸ் நகரில் 1495-96-இல் இரக்கத்தின் மலை எழத் துணைநின்றார்.

எதிர்த்தவர்களின் அச்சம் நேர்மையானது. 'செலவுக்காக' என்று இன்று திறக்கும் கதவின் வழியே நாளை இலாபம் நுழையாது என்பதற்கு என்ன உறுதி என்று அவர்கள் கேட்டனர். ஆதரித்தவர்களின் விடை இது: கடன் வேறு, பணி வேறு. கடன் இலவசமாகவே தரப்படுகிறது. பொருளைக் காப்பதற்கும் கணக்கெழுதுவதற்கும் ஆகும் உழைப்புக்குத்தான் கூலி பெறப்படுகிறது. அச்செலவை, அதனால் பயனடைபவரே தாங்குவது முறை.

இறுதி முடிவு உரோமையில் கூறப்பட்டது. ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தின் பத்தாம் அமர்வில், 1515-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் இந்நிலையங்களை ஏற்று ஆணையிட்டார். பணியாளரின் ஊதியத்திற்கும் நிலையத்தின் பராமரிப்பிற்கும் தேவையான அளவான தொகையை, இலாப நோக்கமின்றிப் பெறுவது வட்டியாகாது. அத்தகைய நிலையங்களைக் குறை கூறிப் பேசலாகாது. உழைப்போ செலவோ இடரோ இன்றி, தானாகப் பலன் தராத ஒன்றிலிருந்து ஆதாயம் பிழிவதே வட்டி என்று அவ்வாணை விளக்கியது. கூடியிருந்த தந்தையருள் திரானி பேராயர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. இந்நிலையங்களால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்பது தம் பட்டறிவு என்றார்.

அவ்வாணையில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. வாங்குவது குற்றமில்லை; ஆனால் வாங்காமலிருப்பதே நிறைவானது என்று அது கூறுகிறது. நிறுவுகிறவர்கள் பணியாளரின் ஊதியம் முழுவதையும், இயலாவிடில் பாதியையேனும் தரக்கூடிய வருவாயை ஏற்படுத்தி வைத்தால், ஏழையின் சுமை அந்த அளவுக்குக் குறையுமே என்று அது அறிவுறுத்துகிறது. இரக்கத்தின் செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்குத் திருச்சபை தந்த விடை இதுவே: ஏழை தாங்கலாம், தன் பங்கை மட்டும், உள்ளவன் தாங்குவது சிறந்தது, ஏழையின் தேவையில் எவரும் கொழுக்கலாகாது.

மலையின் நிழல்

இவ்வரலாற்றை இத்துடன் நிறுத்தினால் நாம் உண்மையில் பாதியை மறைத்தவராவோம்.

இரக்கத்தின் மலைக்காக எழுந்த மறையுரைகள் பல, யூதர்மீது வெறுப்பை மூட்டிய மறையுரைகளாகவும் இருந்தன. கொடிய வட்டியைக் கண்டிக்கத் தொடங்கிய நா, வட்டி வாங்கியவரைக் கடந்து அவர் இனத்தையே தூற்றியது. அவ்வினத்தாரை அத்தொழிலில் அமர்த்தியதும், அவர்களிடம் வரி வாங்கியதும் கிறிஸ்தவ நகராட்சிகளே என்பது மேடையில் பேசப்படவில்லை. 1475-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் திரெந்து நகரில் பெர்னார்தீன் யூதருக்கெதிராக முழங்கினார். அவ்வாண்டு பெரிய வியாழனன்று சீமோன் என்ற சிறு குழந்தை காணாமற்போய், பின்னர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டது. பழி நகரின் யூதர்மீது விழுந்தது. அவர்கள் சித்திரவதை செய்யப்பட்டனர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டனர். ஆண்கள் பலர் கொல்லப்பட்டனர். அக்குழந்தைக்கு வணக்கமும் ஏற்பட்டது. 1488-இல் புளோரன்சில் பெர்னார்தீனின் மறையுரையைத் தொடர்ந்து யூதருக்கெதிராகக் கலகம் மூள, நகர ஆட்சியாளர் அவரை வெளியேற்றினர்.

சீமோன் வணக்கத்தைத் திருச்சபை நீக்கியது 1965-இல்தான். யூதர்களோடு நமக்குள்ள உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் புதிய கண்ணோடு கண்டு அறிக்கையிட்டதும் அதே ஆண்டில். ஏறக்குறைய 500 ஆண்டுகள்!

இதை நாம் ஏன் கிளற வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஏழைக்காகக் கண்ணீர் விடுகிற உள்ளத்தில் அதே வேளையில் வேறொருவர்மீது நஞ்சும் இருக்கக்கூடும் என்பதை அறிவதற்காகத்தான். நம் ஊர்களிலும் வட்டிக்கொடுமையைப் பேசும்போது, கொடுமையை விட்டுவிட்டு, கடை வைத்திருப்பவரின் சாதியையோ மொழியையோ பேசுவதை நாம் கேட்டதில்லையா?

மலை சரிந்த கதை

நன்மை பரவியது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1539-இல் உரோமையின் நிலையத்திற்கு ஒப்புதல் அளித்தார். மத்ரித் நகரில் பிக்கேர் என்ற அருட்தந்தை 1702-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஒரு காணிக்கைப் பெட்டியில் ஒரே ஒரு வெள்ளிக்காசைப் போட்டு அந்நகரின் நிலையத்தைத் தொடங்கினார். மெக்சிக்கோவில் 1775-இல் நிறுவப்பட்ட நிலையம் இன்றும் இயங்குகிறது. பணம் வைக்காத சிற்றூர்களில் தானியமே முதலாயிற்று. விதைப்பின்போது கோதுமையைக் கடனாகப் பெற்று, அறுவடையின்போது சற்றுக் கூட்டித் திருப்பியளக்கும் தானிய மலைகள் தோன்றின. பெனவெந்தோ பேராயராயிருந்து பின்னர் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் திருத்தந்தையான ஒர்சீனி, தம் மறைமாவட்டத்தில் இவற்றைப் பேணி வளர்த்தார்.

ஆயினும் எதிர்த்தவர்கள் அஞ்சியதும் வீண்போகவில்லை. நிலையங்கள் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று அதற்கு வட்டியும் கொடுக்கத் தொடங்கியபோது, பெட்டியில் பணம் பெருகியது. பணம் பெருகிய இடத்தில் பெரியவர்களின் நிழல் விழுந்தது. புளோரன்சின் மெதிச்சி கோமகன்கள் ஏழைகளின் நிலையத்தைத் தங்களுக்கும் தங்களைச் சார்ந்தோருக்கும் பெருந்தொகை வழங்கும் கருவூலம்போல் பயன்படுத்தினர். 1796 முதல் இத்தாலிக்குள் புகுந்த பிரெஞ்சுப் படைகள் பல நிலையங்களைச் சூறையாடின.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்றும் இருந்தது. அடகு வைக்க ஏதேனும் வைத்திருந்தவனுக்கே அந்த மலை இரங்கியது. மோதிரமும் பாத்திரமும் இல்லாதவன், உழைக்கும் இரு கைகளையன்றி வேறொன்றும் இல்லாதவன், மதிப்பீட்டாளர்முன் எதைக் கொண்டுபோய் வைப்பான்?

அயலானே அடகு

அக்கேள்விக்கு விடை கண்டவர் ஜெர்மனியின் ஒரு சிற்றூர்த் தலைவர். நம் சபையைச் சேர்ந்தவரல்லர், புரோட்டஸ்தாந்து சகோதரர். ஃபிரீட்ரிக் வில்லெம் ரைஃபைசன் என்பது அவர் பெயர். 1846-47-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் செல்வர்களிடம் நிதி திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி வழங்கினார். செல்வரின் கொடை மட்டுமே நெடுநாள் நில்லாது என்பதைப் பட்டறிவால் கண்டார். 1864-இல் ஹெடெஸ்டார்ஃப் ஊரில், கடன் தேவைப்படுபவர்களே உறுப்பினராகி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கத்தை அமைத்தார். எல்லை, ஒருவரையொருவர் அறிந்த ஒரு பங்கின் அளவு, நிருவாகிகளுக்குச் சம்பளமில்லை, மிச்சப்படுவது பங்கிடப்படாமல் பொது இருப்பில் சேரும், ஒருவர் தவறினால் அனைவரும் தம் உடைமைகளால் ஈடுசெய்வர். மோதிரத்தின் இடத்தில் அயலானின் நம்பிக்கை அடகாக வந்து அமர்ந்தது. சம்பளமில்லாப் பணியால் செலவும் குறைந்தது. 1515-இன் ஆணை விரும்பிய நிறைவுக்கு இது வேறொரு வழியில் நெருங்கி வந்தது எனலாம்.

இத்தாலியில் இம்முறையில் முதல் ஊரக வங்கி 1883-இல் பதுவாவை அடுத்த லொரேஜ்ஜா என்ற சிற்றூரில் எழுந்தது. பதுவா, 1491-இல் பெர்னார்தீன் மலை எழுப்பிய அதே நகர். லொரேஜ்ஜாவில் வங்கியை நிறுவியவர் லியோனே வொல்லெம்போர்க், பதுவாவில் பிறந்த ஓர் யூதர். வட்டியின் பெயரால் எந்த இனத்தார் அந்நகரங்களில் பழிக்கப்பட்டனரோ, அந்த இனத்தில் பிறந்த 24 வயது இளைஞர் கத்தோலிக்க உழவர்களைக் கொடிய வட்டியிலிருந்து மீட்க முன்வந்தார். சமயம் பாராது எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

வெனிஸ் பகுதியில் அருட்தந்தை லூயிஜி செருத்தி 1890-இல் கம்பராரே ஊரில் முதல் கத்தோலிக்க ஊரக வங்கியைத் தொடங்கினார். மறு ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் வெளிவந்தது. அதன்பின் பங்கு தோறும் இத்தகைய வங்கிகள் முளைத்தன. இரவல் வாங்கிய விதை என்று நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. புரோட்டஸ்தாந்தர் ஒருவர் கண்டதையும் யூதர் ஒருவர் கொணர்ந்ததையும் பங்குத்தந்தையர் நட்டு வளர்த்தனர். பழைய கறைக்கு இதைவிட நல்ல கழுவாய் வேறென்ன இருக்க முடியும்!

நம் மண்ணில்

அந்த விதை சென்னை மாகாணத்திற்கும் வந்தது. உழவர் கடனைத் தீர்க்க வழியுண்டா என்று ஆராய, சென்னை அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அமர்த்தியது. 1895-இலும் 1897-இலும் அவர் அளித்த அறிக்கையின் சாரம், ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே. சட்டம் எழுதினால் போதாது, மக்கள் நம்பக்கூடிய ஒரு மனிதர் ஊரில் வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் கிராமத்தில் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று நம் ஊர்க் கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்காக வரிசையில் நிற்பவர், பழைய மலையும் புதிய சங்கமும் ஒன்றாய்க் கலந்த ஓரிடத்தில்தான் நிற்கிறார்.

சோட்டா நாக்பூரில் இதனைத் திருச்சபையே செய்தது. முண்டா, ஒராவோன் பழங்குடி மக்கள் நிலத்தையும் விளைச்சலையும் வட்டிக்காரரிடம் இழந்துகொண்டிருந்தனர். ஜெர்மனியில் பிறந்த இயேசு சபைத் தந்தை ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் முதலில் அவர்களுடைய மொழியைக் கற்றார். 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாக உழைத்தார். நிலத்திற்குச் சட்டம் காவலானாலும் கடன் அதனை மீண்டும் விழுங்கிவிடும் என்று கண்டு, 1909-இல் ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்பதற்காக 1915-இல் ஆங்கில அரசு அவரை நாட்டைவிட்டு அனுப்பியது. அவர் மீண்டும் இம்மண்ணைக் காணவில்லை. 1928-இல் ஜெர்மனியில் இறந்தார். சங்கமோ அவர் போனபின்னும் நிலைத்தது. மறையுரையாளர் போனபின்னும் பெட்டி திறந்திருக்க வேண்டும் என்ற பழைய பாடத்தை அவர் மறக்கவில்லை.

வாசற்படி

அண்மைக் காலத்தில் மகளிர் தன்னுதவிக் குழுக்களாலும், வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1983-இல் வங்கியாக்கிய கிராமின் முறையாலும், அயலானே அடகு என்ற கருத்து மீண்டும் உலகைச் சுற்றி வந்தது. நம் மறைமாவட்டச் சமூகப்பணி மையங்கள் எத்தனையோ குழுக்களை உருவாக்கின. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலில் குறுங்கடன்களைப்பற்றிப் பேசும்போது, அவற்றின் வேர் இரக்கத்தின் மலைகளில் இருப்பதைச் சுட்டினார். 2014-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வங்கிக் கணக்கும் கிடைத்தது.

ஆனால் திரானி பேராயரின் தலையசைப்பும் மறைந்துவிடவில்லை. இலாபம் தேடி வந்த குறுங்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியால் 2010-இல் ஆந்திரத்தில் உயிர்கள் மாய்ந்தன என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கும் சட்ட முன்வரைவைத் தமிழகச் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அயலானின் நம்பிக்கை என்று தொடங்கியது, பல தெருக்களில் அயலாளின் வசையாக மாறியிருக்கிறது. தவணை கட்டாத பெண்ணின் வீட்டுக்கு அவள் குழுத்தோழியரே அனுப்பப்படுகின்றனர். வசூலிக்க வந்தவர் பணம் வரும்வரை திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்திருக்கிறார். இணைச் சட்ட நூல் மிதிக்கலாகாது என்ற வாசற்படியை அவர் கடந்துவிட்டார்.

வரலாறு நமக்குத் தருவது ஒரு சில அளவுகோல்களையே. கணக்கில்லாத இரக்கம் நார்த்பர்க் ஆயரின் பெட்டியைப்போல் கரைந்துவிடும். இரக்கமில்லாத கணக்கு மெதிச்சிகளின் கருவூலமாகிவிடும். ஏழைக்காக எழும் குரலில் பகைமை கலந்தால், அது கட்டிய நன்மையின் அடித்தளத்தில் குருதி கசியும்.

நம் பங்கில் ஓர் அன்பியமோ, ஒரு சங்கமோ, ஒரு மகளிர் குழுவோ கடனுதவி என்று தொடங்கும்போது, 1515-இன் கேள்வியை நம் கணக்கேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நன்று: இந்த இரக்கத்தின் செலவு எவ்வளவு? அதில் ஏழையின் பங்கு எவ்வளவு? நம் பங்கு எவ்வளவு? திருவிழாவின் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி அந்த எழுத்தரின் ஊதியமானால், ஒரு தாயின் தவணை அந்த அளவுக்குக் குறையும்.

அதன்பின் நாம் அவள் வீட்டுக்குப் போகலாம். போய், வாசலுக்கு வெளியே நிற்கலாம். அவளே உள்ளே சென்று, தன்னால் இயன்றதை எடுத்துவந்து தரும்வரை காத்திருக்கலாம்.